பத்தாவது கையெழுத்து

குருமூர்த்தி வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, ஓரமாக வைத்தார். அதை அமுதவள்ளி உள்ளேயிருந்து பார்த்தாள். அந்த மனுஷன் காரியம் இல்லாமல் அடுத்தவர் வாசலில் இவ்வளவு மரியாதை காட்டமாட்டார். அவள் மகன் திலீபனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜெண்ட் அவர்தான். விருத்தாசலத்தைச் சுற்றி டைல்ஸ் ஒட்டத் தெரிந்த பையன்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து, போர் நடக்கிற அந்த நாட்டுக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை தைப்பொங்கல் சமயத்தில் காலண்டர் கொடுக்க வருவார், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இதுவோ பங்குனி மாதம். கையில் காலண்டரும் இல்லை.

“என்னா தங்கச்சி, அண்ணன உள்ள கூப்புட மாட்டியா?”

“வாங்கண்ணே, உக்காருங்க. அவரு ஜங்ஷன்லேருந்து இன்னும் வரல. வர்ற நேரந்தான்.”

“மச்சான் வர்றப்ப வரட்டும். நான் வந்தது உங்கிட்டதான்.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபேனைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த திலீபன் போட்டோவைப் பார்த்தார். அமுதவள்ளி கொடுத்த தண்ணீரை அண்ணாந்து ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தார். அப்புறம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கொத்தமல்லிக் கட்டு என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

“வக்கீலம்மா மனுவுல நீயும் கையெழுத்து போட்டிருக்கியாமே?”

போட்டிருந்தாள். அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? பட்டப்பகலில், செராமிக் எஸ்டேட்டில், பத்துப் பேர் பார்க்கப் போட்ட கையெழுத்து.

வக்கீலம்மா என்றால் பாரதி. எஸ்டேட்டில் எந்தத் தொழிலாளிக்கு லேபர் கோர்ட்டில் இழுபறி என்றாலும் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறவர். இந்தச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போவதாக அவர் அறிவித்தபோது ஊரே சிரித்தது. பெரிய கட்சிக்காரர்கள் குடிதண்ணீர், பாலம், பஸ் ஸ்டாண்டு என்று ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாரதி மட்டும் எங்கேயோ கடல் தாண்டி நடக்கிற சண்டையைப் பற்றிப் பேசினார். அந்தச் சண்டையை நிறுத்தச் சொல்லவேண்டும், நிறுத்துகிறவரை நம் பிள்ளைகளை அங்கே அனுப்பக் கூடாது, போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மூன்றே மூன்று விஷயம்தான். நோட்டீஸிலும் அதுவேதான். பாலக்கரை டீக்கடையில் ஒருவர் மறித்துக் கேட்டார்: “ஏம்மா, விருத்தாசலத்து எம்.எல்.ஏ. சொன்னா அவன் வுட்ட ராக்கெட்ட திருப்பி எடுத்துக்குவானா?” பாரதியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, “எடுத்துக்க மாட்டாங்க சார். நம்ம புள்ளைங்கள நாம திருப்பி எடுத்துக்கலாம்ல?” என்றார். கேட்டவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஊரில் அந்தப் போரைப் பிடித்தவர்கள் யாருமே இல்லை என்பதுதான் உண்மை. டிவியில் இடிந்த வீடுகளையும் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னச் சின்னப் பொட்டலங்களையும் காட்டும்போது, கையில் வடையை வைத்திருந்தவர்கள்கூடக் கடிக்காமல் நின்றார்கள். மங்கலம்பேட்டையில் கடையடைப்பே நடந்தது. ஆனால் பிடிக்கவில்லை என்று முணுமுணுப்பது வேறு, அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது வேறு அல்லவா! அதற்கு ஒரு கிறுக்கு வேண்டும். பாரதிக்கு அந்தக் கிறுக்கு பிடித்தது செந்தமிழன் செத்தபோது.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பையன் செந்தமிழன். திலீபனும் அவனும் ஒரே விமானத்தில் போனவர்கள். ஐந்து மாதம் முன்னால், வடக்கு எல்லைப் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது ராக்கெட் விழுந்து போய்விட்டான். உடம்பு ஊர் வந்துசேர பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் கலெக்டர் ஆபீஸ், சென்னை, டெல்லி என்று ஓடியவர் பாரதி. அமுதவள்ளியும் சாவுக்குப் போயிருந்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். செந்தமிழனின் அம்மா அழக்கூட இல்லை, பெட்டியைத் தட்டித் தட்டி, “உள்ள இருக்கறது எம்புள்ளதானா? யாராச்சும் பாத்தீங்களா?” என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அமுதவள்ளி ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள். விருத்தாசலத்தில் இறங்கியபோது விரல்களைக் கம்பியிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. அதனால்தான், சுயேச்சை வேட்பாளருக்குத் தொகுதியில் ஓட்டுள்ள பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றதும், அவள் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

கையெழுத்து வாங்க பாரதியும் அவருடைய ஜூனியர் பிரபாவும் சாப்பாட்டு நேரத்தில் அமுதவள்ளி வேலை செய்யும் பொம்மை யூனிட்டுக்கு வந்தார்கள். இரண்டு மனுப் படிவம் கொண்டுவந்திருந்தார்கள், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. அங்கேதான் கூத்து நடந்தது. முதல் படிவத்தைக் களிமண் மேசைமேல் விரித்து, ஆளாளுக்கு முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மேசை மேலே காய்ந்து வெளுத்துத்தான் இருக்கும், உள்ளே ஈரம் எப்போதும் விடாது. முப்பது வருஷம் அதன்மேல் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு இருந்த குஷியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாள் ஈரத்தைக் குடித்து, மை ஊறி, ஐந்து பேருடைய பெயரும் ஒரே நீலக் கறையாகிவிட்டது. “ஐயையோ, களிமண்ணுகாரங்க புத்திய காட்டிட்டமே!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாவது படிவத்தைக் கூட வேலை செய்யும் மெகருன்னிசாவின் டிபன் பாக்ஸ் மூடிமேல் வைத்துப் பத்துப் பேரும் நிதானமாகப் போட்டார்கள். பத்தாவதாகப் போட்டவள் அமுதவள்ளி. சட்டம் கேட்கிறது பத்து, பத்தும் இருக்கிறது, இன்னொரு படிவம் எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கடைசி நாளான இன்றைக்கு மதியம் அந்த ஒரே மனுவைத்தான் பாரதி தாக்கல் செய்திருந்தார். மூன்று மணியோடு தாக்கல் முடிந்தது. குருமூர்த்தி வந்திருப்பது ஐந்து மணிக்கு.

“போட்டேன்ணே,” என்றாள் அமுதவள்ளி. “எம்புள்ள அங்க இருக்கான். சண்ட நிக்கணும்னு ஒருத்தரு கேக்குறாங்க. நான் போடாம வேற எவ போடுவா?”

“நாயந்தான். நான் மட்டும் சண்ட வேணும்னா சொல்றேன்? ஆனா அந்தம்மா மீட்டிங்குல என்னா பேசுது? ஏஜெண்டுங்கள ஆள் புடிக்கிறவன்ங்குது. அங்க கம்பெனிக்காரன் எல்லாத்தையும் யூடியூப்புல பாத்துக்கிட்டுதான் இருக்கான். ‘இந்த ஊரு ஆளுங்களே தகராறு’ன்னு என்னய கேக்குறான்.” குரலைத் தாழ்த்தினார். “திலீபன நான் எங்க வெச்சிருக்கேன்? தெக்க, கடலோரம். அங்க ஒரு பட்டாசு சத்தம் கேக்காது. வடக்க ஆளு பத்தலன்னு தெனமும் போனு. ‘அவன் என் தங்கச்சி மவன்டா, அவன மட்டும் தொடாத’ன்னு புடிச்சி வெச்சிருக்கேன். எத்தினி நாளைக்கு புடிக்க முடியும், நீயே சொல்லு.”

மிரட்டல் மாதிரியே இல்லை. சொந்த அண்ணன் கவலைப்படுவது மாதிரிதான் இருந்தது. அமுதவள்ளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப நான் என்னாண்ணே செய்யணும்?”

“ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலையில மனு பரிசீலன. வாபஸ் வாங்குறேன்னு சொன்னா செல்லாது. ‘இது என் கையெழுத்து இல்ல’ன்னு சொல்லணும். அவ்ளோதான். கைரேகையா இருந்தா மாட்டிக்குவ, கையெழுத்துதான?”

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ரேகையா! அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தேய்த்து, கோடு இருந்த இடமே தெரியாமல் ஆக்குவதுதான் இருபத்தாறு வருஷமாக அவள் வேலை. பொம்மைக்குக் கோடு போகப் போக அவள் விரலுக்கும் போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் எடுக்காது, கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாள்.

“அப்ப அவங்க கள்ளக் கையெழுத்து போட்டாங்கன்னு ஆயிடாதா?”

“ஆவாது, ஆவாது. மனு தள்ளுபடி ஆவும், அத்தோட போச்சி. இல்லாட்டி மட்டும் அந்தம்மா ஜெயிச்சி கிழிக்கப்போவுதா? உம்புள்ளய பாப்பியா, ஊராமூட்டு சண்டைய பாப்பியா?”

அமுதவள்ளியின் புருஷன் தங்கதுரை உள்ளே வந்தார். ஜங்ஷனில் பார்சல் ஏற்றி இறக்குகிற மனிதர், தோளில் துண்டோடு அப்படியே நின்றார். குருமூர்த்தி எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து, அதே இதமான குரலில் சொன்னார். சொல்லி முடித்து, திலீபனின் போட்டோவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அமுதவள்ளி உடனே திலீபனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது: “வேல டைட்டா இருக்குதும்மா. நல்லாத்தான் இருக்கேன். புதங்கெழம பேசுறேன்.” ஏழு தடவை போட்டுக் கேட்டாள். பின்னால் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதில் ஒட்டிவைத்துக் கேட்டாள். யாரோ இருமுவது மட்டும் கேட்டது. இன்றைக்குத் திங்கள். நாளைக் காலை பத்து மணிக்குப் பரிசீலனை. புதன்கிழமை வரை உலகம் நிற்குமா என்ன?

“நீ என்னா சொல்ற?” என்று புருஷனைக் கேட்டாள்.

தங்கதுரை துண்டை உதறிக் கொடியில் போட்டார். அதைச் சரியாக்கினார். சரியாக இருந்ததை மறுபடியும் சரியாக்கினார்.

“கையெழுத்து உன்னுது,” என்றார். “புள்ள நம்ம ரெண்டு பேருதும்.”

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவளிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதே கிடையாது. இதையும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது அவளுக்குக் கேட்டுவிட்டது.

பரிசீலனை நடந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அமுதவள்ளி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வருகிற வழியெல்லாம், ஒன்றும் பேசாமல் நின்றுவிடலாம், அவர்களாக என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். உள்ளே பாரதி இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். முன்மொழிந்தவர்கள் வரவேண்டியதில்லை, இந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருக்கிறாளே என்று நினைத்தார் போலிருக்கிறது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்ட்டீங்களாக்கா?” என்று கேட்டார். அமுதவள்ளி தலையாட்டினாள். அந்தக் கை சூடாக இருந்தது. இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை.

பெரிய கட்சி வேட்பாளரின் வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொன்னார். பத்தாவது முன்மொழிபவரின் கையெழுத்து அவருடையது அல்ல, அவரே நேரில் வந்திருக்கிறார், விசாரிக்கலாம். பாரதி சட்டென்று திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்த முகம் மாறியதை அமுதவள்ளி பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டாள்.

தேர்தல் அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார். “அம்மா, பக்கத்துல வாங்க. பயப்படாதீங்க. இது நீங்க போட்டதா?”

தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். த. அமுதவள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். கையெழுத்து என்றால் கிறுக்கல் இல்லை, ஒவ்வோர் எழுத்தையும் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எழுதுவாள். சம்பள ரிஜிஸ்டரில் அவள் பெயர் மட்டும் தனியாகத் தெரியும், முதலாளிகூட ஒருமுறை பாராட்டியிருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் காய்ந்திருந்தது. நகக்கண்ணில் இருந்த களிமண். அதிகாரிக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. அமுதவள்ளிக்குத் தெரியும். பாரதிக்கும் தெரியும்.

திலீபன் பிறந்தபோது அழவில்லை. நர்சம்மா காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் இரண்டு தட்டு தட்டியபிறகுதான் அழுதான். அந்த அரை நிமிஷம் அவள் பட்ட பாடு இப்போது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் செந்தமிழனின் பெட்டி. பெட்டிமேல் தட்டுகிற கை. அந்தக் கை அவளுடையதாகவே இருந்தது.

“இல்லீங்க.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா.”

“என் கையெழுத்து இல்லீங்க.”

ஜூனியர் பிரபா துள்ளி எழுந்தாள். “பொய்யி! மேடம், பேங்க்குல இருக்குது, யூனிட்டு ரிஜிஸ்டர்ல இருக்குது. ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க மேடம், ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்!” பாரதி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். “வேணாம்,” என்றார். “ஒப்பிட்டா பொய் சொன்னது யாருன்னு எழுத்துல வந்துடும். அப்புறம் கேஸு அக்கா மேல போவும்.” மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குளிர் அறையில் அமுதவள்ளிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. “உங்களுக்கு எதாவது சொல்ல இருக்குதா?” என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். பாரதி இரண்டு முறையும் இல்லை என்று தலையசைத்தார். மனு தள்ளுபடியானது. அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அமுதவள்ளி நின்றாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை கேட்டால், முகத்தில் காறித் துப்பினால், தேவலை போல இருந்தது. பாரதி வந்தார். நின்றார்.

“திலீபன் எங்கக்கா இருக்கான் இப்ப?”

“தெக்க. கடலோரமா.”

“நல்லா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, பாரதி ஸ்கூட்டரை எடுக்கப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் பாரதியின் போட்டோ சுற்றியது. மேலே ‘கள்ளக் கையெழுத்து வக்கீல்’ என்று சிவப்பில் எழுதி, சிரிக்கிற பொம்மைத் தலைகள் போட்டிருந்தார்கள். ஒன்றும் ஆகாது என்று சொன்ன குருமூர்த்தியே அதை இரண்டு குரூப்பில் போட்டிருந்தார். சேதி தெரிந்து நியாயம் கேட்கப் போன தங்கதுரை, அவர் வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தார். வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், தின்னவில்லை.

மறுநாள் யூனிட்டில் அமுதவள்ளியிடம் ஒருவரும் பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. பக்கத்து இடம் மெகருன்னிசாவுடையது. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், புருஷன் வளைகுடாவில் டிரைவர். பதினொரு வருஷமாக இருவரும் ஒரே தண்ணீர்ச் சட்டியில் பஞ்சை நனைக்கிறார்கள். குண்டு விழுந்த ஊர்ப் பிள்ளைகளின் வீடியோவை மெகருன்னிசா சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பாள், அமுதவள்ளி வந்து உட்கார்ந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். குண்டு போடுகிற அந்த நாட்டுக்குப் போய் உன் பிள்ளை ஏன் வீடு கட்டுகிறான் என்று ஒருநாளும், வாய்தவறிக்கூட, அவள் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை அமுதவள்ளி தன்னைத்தானே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே டைல்ஸ் வேலைக்கு வாரத்தில் மூன்று நாள்கூட ஆள் கூப்பிடுவதில்லை என்பதைத் தவிர அவளிடம் பதிலும் இல்லை.

மதியம் வரை மெகருன்னிசா பொம்மை தேய்த்தாள். பிறகு பஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“உம்புள்ளய நெனச்சித்தான் செஞ்சிருப்ப. எனக்குத் தெரியாதா.”

அமுதவள்ளி நிமிரவில்லை.

“ஆனா அமுதா, நாங்க ஒம்போது பேரும் போட்டோம் பாரு, அதுவும் உம்புள்ளைக்காவத்தான்.”

அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அமுதவள்ளி கையிலிருந்த நாய்க்குட்டிப் பொம்மையைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கு கரைந்து வழவழவென்று ஆனபிறகுதான் கவனித்தாள். அதைச் சேற்றுத் தொட்டியில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்ணில் களிமண் பட்டு எரிந்தது.

ஆறரை மணிக்குத் திலீபன் வீடியோவில் வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அமுதவள்ளிக்கு உயிர் வந்தது. நெஞ்சில் கல்லாக அழுத்திக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு நொடிக்கு இறங்கியது. அடப்பாவி, இதற்காகத்தானே! இந்த முகத்துக்காக இன்னும் நூறு கையெழுத்தைக்கூட இல்லை என்று சொல்லலாம் என்று தோன்றியது. தாடி விட்டிருந்தான். போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டுச் சுவரில் வேலை செய்தபடியே பேசினான்.

“இரும்மா, இது ஒண்ண ஒட்டிட்டேன்னா இன்னிக்கி முடிஞ்சிது. கீழ கதவுக்கு வுட்ட சந்து, கதவு இன்னும் வரல, டைல்ஸுக்கு அடியில தாங்கலு இல்ல. பசை புடிக்கிற வரைக்கும் கைய எடுக்க முடியாது. புடிச்சிக்கிட்டே பேசுறேன்.” ஒரு வெள்ளை டைல்ஸைச் சுவரில் வைத்து இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். “வரி எப்படி நேரா இருக்குது பாரு. சூப்பர்வைசரே போட்டோ எடுத்தான்.”

“நல்லா இருக்குதுடா. என்னாடா கூரை இவ்ளோ தாழ்வா இருக்குது? கடலோரம் பெரிய பெரிய கட்டடம்னியே?”

திலீபன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். டைல்ஸைப் பார்த்தான்.

“திலீபா.”

“திட்டாதம்மா. நீ பயந்துக்குவன்னுதான் சொல்லல. எங்க செட்டயே மாத்திட்டாங்க. இது வடக்க. பதுங்குறதுக்கு ரூம்பு கட்டுறோம்ல, சண்டைன்னாலும் இதுதான் பத்திரமான வேல.”

“எப்பலேருந்து?”

“சனிக்கெழமலேருந்து.”

அமுதவள்ளி விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. சனி, ஞாயிறு, அப்புறம்தான் திங்கள். அப்புறம்தான் வாசலில் ஜோடி சேர்த்து வைத்த செருப்பு.

“குருமூர்த்திக்குத் தெரியுமா?”

“மாமாவுக்குதான மொதல்ல போனு போட்டேன், சனிக்கெழமயே. மாத்தாம நிறுத்த முடியுமான்னு கேட்டேன். ‘கம்பெனி முடிவுடா, என் கையில என்னா இருக்குது’ன்னாரு. ‘அம்மாகிட்ட இப்ப சொல்லாத, பாவம்’னு அவருதான் சொன்னாரு. ஏம்மா? என்னா ஆச்சி?”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாவி! சண்டாளப் பாவி! அவன் கையில் ஒன்றுமே இல்லை. இல்லாத ஒன்றைக் காட்டி, கள்ளம் கபடு இல்லாத பாரதியைக் கள்ளி என்று இவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டான். இவளும் நம்பினாளே, போய்ச் சொன்னாளே! தங்கதுரை பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அவர் மூச்சு விடுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. திலீபனிடம் என்ன சொல்வது? உன்னைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன ஒரே ஆளை உங்கம்மா இல்லாமல் பண்ணிவிட்டாள் என்றா?

“திலீபா, கேளு. இங்க வக்கீலம்மா இருக்காங்கல்ல, பாரதி...”

அந்தப் பக்கம் ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் தூரத்தில் கேட்டது, அப்புறம் அந்த அறைக்குள்ளேயே கேட்டது. யாரோ என்னவோ பாஷையில் கத்தினார்கள். திலீபனின் முகம், சிரித்துக்கொண்டிருந்த அந்த முகம், சட்டென்று ஆறு வயசுப் பிள்ளை முகமானது.

“வந்துடறேம்மா. கட் பண்ணாத.”

போய்விட்டான். ஓடுகிற காலடிகள் கேட்டன. பிறகு அதுவும் இல்லை, அந்த ஊளை மட்டும்தான். போன் அவன் சாய்த்துவைத்த இடத்திலேயே இருந்தது. திரையில் பாதி ஒட்டிய சுவர், கீழே கிடந்த பசை பூசும் கரணை, சுவரின் நடுவே தாங்கல் இல்லாத அந்த ஒரு டைல்ஸ். மேலே நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. “திலீபா, திலீபா,” என்று தங்கதுரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஈரம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அமுதவள்ளிக்குத் தெரியும். கை எடுத்த டைல்ஸ் மெல்ல, மயிரிழை மயிரிழையாக, வரியை விட்டுக் கீழே நழுவத் தொடங்கியது. மேல் விளிம்பில் சாம்பல் நிறப் பசை தெரிந்தது. அவள் ரேகையில்லாத கட்டைவிரலைத் திரையில் வைத்து, அது விழுந்துவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.